ஒரு கோப்பை பீருக்கு எத்தனை மதிப்பெண்?

பீர்ப் போட்டியில் நடுவராக உட்காருபவர் முன்னால் ஒரு தாள் இருக்கும். மொத்தம் 50 மதிப்பெண். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் உணர்வுக்கு 5, ஒட்டுமொத்தமாக 10. அமெரிக்காவில் 1985-இல் தொடங்கி இன்று பல நாடுகளில் இயங்கும் பிஜேசிபி என்ற நடுவர் பயிற்சி அமைப்பு வகுத்த தாள் இது. எனக்குப் பிடித்தது, பிடிக்கவில்லை என்பதற்கு அந்தக் கடைசிப் பத்தில் கொஞ்சம் இடம் உண்டு. மற்ற 40 மதிப்பெண்ணும் பெரும்பாலும் வேறொரு கேள்வியைச் சுற்றியே போடப்படுகின்றன. இந்த பீர் எந்த வகையின் பெயரில் போட்டிக்கு வந்ததோ, அந்த வகைக்குப் பொருந்தி நிற்கிறதா என்பதே அந்தக் கேள்வி. கல்யாணி பாடுவதாகச் சொல்லிவிட்டுச் சுத்த மத்திமம் பிடித்தால், குரல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அது கல்யாணி ஆகாது. பீர் நடுவரின் நிலையும் அதுதான்.

வாழைப்பழ மணத்தை எடுத்துக்கொள்வோம். தெற்கு ஜெர்மனியின் பவேரியாவில் கோதுமை மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய கோதுமையை, பாதிக்கு மேல் சேர்த்துத் தயாரிக்கும் வைஸ்பியர் என்ற பீரில் வாழைப்பழம் கமகமவென்று மணந்தால் நடுவர் மதிப்பெண் கொடுப்பார். அதே மணம் ஜெர்மன் பில்ஸ்னரில் எழுந்தால் குறை என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைப்பார். இரண்டிலும் மூலக்கூறு ஒன்றே. ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டர் அது. பழுத்த வாழைப்பழத்தின் மணத்துக்கும் முக்கியக் காரணம் அதுதான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும்போது இதைத் துணைப் பொருளாக வெளியிடுகிறது. ஏல் வகை ஈஸ்ட் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி வேலை செய்யும்போது எஸ்டர்கள் ஏராளமாக உருவாகின்றன. லாகர் வகை ஈஸ்ட் 10 டிகிரியை ஒட்டிய குளிரில் மெல்ல நொதித்து, பிறகு வாரக்கணக்கில் குளிரிலேயே கிடந்து தெளிவதால் அந்த மணங்கள் அடங்கிவிடுகின்றன. பில்ஸ்னர் ஒரு லாகர். அதில் வாழைப்பழம் மணந்தால் நொதிகலத்தில் வெப்பம் கைமீறிப் போயிருக்கலாம், அல்லது ஈஸ்ட் களைத்துப்போயிருக்கலாம் என்று நடுவர் ஊகிப்பார்.

வைஸ்பியரில் வாழைப்பழத்தோடு சேர்ந்து கிராம்பும் மணக்கும். யாரும் கிராம்பு போடுவதில்லை. தானியத்தின் உமியில் இருக்கும் ஃபெருலிக் அமிலத்தை அந்த ஈஸ்ட் உடைத்து 4-வினைல் குவயகால் என்ற பொருளாக்குகிறது. தானியத்தைத் தண்ணீரில் ஊறவைக்கும் கட்டத்தில் சுமார் 45 டிகிரியில் சற்று நேரம் நிறுத்தினால் ஃபெருலிக் அமிலம் அதிகமாக வெளிவரும், கிராம்பு மணமும் தூக்கலாகும். நொதிக்கும் வெப்பத்தைச் சற்று ஏற்றினால் வாழைப்பழம் ஓங்கும். இந்த இரண்டையும் சமன் செய்வதில்தான் பவேரியத் தயாரிப்பாளரின் கைத்திறன் தெரியும். 5 சதவீத ஆல்கஹாலும் மிகக் குறைந்த கசப்பும் உள்ள இந்த எளிய பீருக்குள் இவ்வளவு வேலை நடக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

டைஅசிட்டைல் விஷயம் இன்னும் நுட்பமானது. வெண்ணெய் மணம் தரும் பொருள் இது. மைக்ரோவேவ் பாப்கார்னில் வெண்ணெய் வாசனைக்காகச் சேர்க்கப்பட்டு வந்ததும் இதுதான். ஈஸ்ட் தனக்குத் தேவையான வேலின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் வழியில் ஓர் இடைப்பொருள் வெளியே கசிகிறது. அது பீருக்குள் டைஅசிட்டைலாக மாறுகிறது. ஈஸ்ட்டுக்கு அவகாசம் கொடுத்தால் அதுவே அதைத் திரும்ப உறிஞ்சி மணமற்ற பொருளாக மாற்றிவிடும். அவசரப்பட்டு வடிகட்டினால் வெண்ணெய் மணம் அப்படியே தங்கிவிடும். அதனால் லாகர் தயாரிப்பவர்கள் நொதித்தலின் கடைசி நாட்களில் வெப்பத்தைச் சில டிகிரி ஏற்றி ஈஸ்ட்டை அந்தத் துப்புரவு வேலையை முடிக்க விடுகிறார்கள். ஜெர்மன் பில்ஸ்னரில் வெண்ணெய் லேசாகத் தெரிந்தாலே மதிப்பெண் குறையும். எல்லைக்கு அப்பால் செக் நாட்டின் பில்ஸ்னர் மரபில் அதே வெண்ணெய் மெல்லியதாக இருந்தால் குற்றமில்லை என்று பிஜேசிபி நெறிமுறையே சொல்கிறது. ஒரு மூலக்கூறு நல்லதா கெட்டதா என்பதை வேதியியல் மட்டும் தீர்மானிப்பதில்லை, ஊர் மரபும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

இந்த வகைகள் எங்கிருந்து வந்தன? பல வகைகளைத் தண்ணீர்தான் பெற்றெடுத்தது. பொஹிமியாவின் பில்சன் நகரில் தண்ணீர் மிக மென்மையானது, உப்புகள் அற்பம். அங்கே 1842-இல் ஜோசப் குரோல் என்ற பவேரியர் வெளிர் மால்ட்டையும் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களில் சாட்ஸ் வகையையும் சேர்த்துப் பொன்னிற லாகரை உருவாக்கினார். இன்று உலகில் விற்கும் லாகர்களில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள். இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்த் தண்ணீரிலோ ஜிப்சம் மிகுதி. அந்த சல்ஃபேட் ஹாப்ஸின் கசப்பைக் கூராக்கிக் காட்டும். லண்டன் ஹாட்ஜ்சன் ஆலையின் வெளிர் ஏல் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் கப்பலேறிக்கொண்டிருந்த காலத்தில், 1820களில் பர்ட்டன் ஆலைகள் அந்த வணிகத்துக்குள் புகுந்து அதைக் கைப்பற்றின. இந்தியா பேல் ஏல் (ஐபிஏ) என்ற பெயருக்கு அந்தக் கடல் வணிகம்தான் காரணம். கப்பல் பயணத்தில் கெடாமலிருக்கவே ஹாப்ஸை அள்ளிப்போட்டு ஒருவர் இதைக் கண்டுபிடித்தார் என்ற கதை நன்றாகப் பரவியிருக்கிறது. ஆனால் ஹாப்ஸ் மிகுந்த பீர்கள் அதற்கு முன்பே இங்கிலாந்தில் இருந்தன. போர்ட்டர் என்ற கறுத்த பீரும் அதே கப்பல்களில் பத்திரமாக வந்து இறங்கியிருக்கிறது.

கறுப்பு நிறம் 1817-இல் டேனியல் வீலர் காப்புரிமை பெற்ற வறுக்கும் உருளைக்கு நிறையக் கடன்பட்டிருக்கிறது. கரியாகாமல் மால்ட்டைக் கறுக்க வறுக்க அது வழி செய்தது. சிறிதளவு சேர்த்தாலே பீர் முழுவதும் கறுத்துவிடும். நிறத்துக்கும் போதைக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு இதுவே விளக்கம். கன்னங்கரேல் என்றிருக்கும் கின்னஸ் டிராஃப்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். வைக்கோல் நிறத்தில் பளபளக்கும் பெல்ஜியத்தின் டுவெல் 8.5 சதவீதம்.

இப்படி ஊர் ஊராக வளர்ந்தவற்றை வகைபிரித்து உலகுக்குச் சொன்னவர் மைக்கேல் ஜாக்சன். பாடகர் அல்ல, அதே பெயர் கொண்ட பிரிட்டிஷ் பத்திரிகையாளர். 1977-இல் வந்த அவருடைய உலக பீர் வழிகாட்டி நூல்தான் இன்றைய வகைப்பட்டியல்களுக்கு அடித்தளம். அதற்கடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் வீட்டில் பீர் தயாரிப்பதற்கு இருந்த கூட்டாட்சித் தடை நீங்கியது. 1980-இல் கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா போன்ற சிறு ஆலைகள் எழுந்தன. கிராஃப்ட் பீர் என்ற இயக்கம் வேர்விட்டது அப்போதுதான்.

இனி நடுவர் மேசைக்கு வருவோம். கோப்பையில் ஊற்றுவது 60 முதல் 90 மில்லிலிட்டர்தான். ஒரே அமர்வில் பல பீர்களைப் பார்க்க வேண்டும், ஆல்கஹால் ஏற ஏற நாக்கும் தீர்ப்பும் மழுங்கும். மதுபானங்களை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவுப் புற்றுநோய்க் காரணிகளில் வைத்திருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுவைத்தறிதல் என்பது சிற்றளவில் மட்டுமே செய்ய வேண்டிய வேலை.

ஊற்றியதும் நடுவர் குடிப்பதில்லை. முதலில் மூக்கு. சில கந்தகச் சேர்மங்கள் ஒரு நிமிடத்துக்குள் பறந்துவிடும் என்பதால் கோப்பையை உள்ளங்கையால் மூடி, லேசாகச் சுழற்றி, கையை எடுத்ததும் சின்னச் சின்னதாக இரண்டு மூன்று முறை முகர்வார். மூக்கு சீக்கிரம் பழகிப்போகும் உறுப்பு. தொடர்ந்து முகர்ந்தால் இருக்கும் மணமே தெரியாமல் போகும். அப்போது தன் முழங்கையையோ சட்டைக் கையையோ முகர்ந்து மூக்கைத் திருப்பி எடுத்துக்கொள்வார். பழகிய சொந்த வாசனை மூக்குக்கு ஓய்வு. பிறகு நிறம், தெளிவு, நுரை பார்ப்பார். நுரையைத் தாங்கி நிற்பவை பார்லியின் புரதமும் ஹாப்ஸின் கசப்பு அமிலங்களும். கோப்பையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை உட்கார்ந்துவிடும். அந்தப் பழியைப் பீர் மேல் போடக் கூடாது.

அதன் பிறகே ஒரு வாய். வாய் முழுக்கப் பரவவிட்டு, விழுங்கி, உதட்டை மூடி மூக்கு வழியாக மூச்சை விட வேண்டும். இந்த மூச்சில்தான் சூட்சுமம் இருக்கிறது. நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, உமாமி ஆகியவை மட்டுமே. வாழைப்பழம், கிராம்பு, காபி, சாத்துக்குடி எல்லாம் தொண்டையின் பின்வழியாக மேலேறி மூக்கின் உச்சியைத் தொடும் ஆவிகள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தால் வைஸ்பியரில் லேசான இனிப்பும் புளிப்பும்தான் மிஞ்சும். நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளிப் புத்தகங்களில் வரும் வரைபடம் தவறானது. 1901-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வைப் பிற்காலத்தில் பிழையாகப் புரிந்துகொண்டதால் பரவியது அது. ஐந்து சுவைகளையும் நாக்கில் சுவைமொட்டு இருக்கும் இடமெல்லாம் உணர முடியும்.

கசப்பை அளக்க ஓர் எண் உண்டு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஐசோ-ஆல்ஃபா அமிலம் இருந்தால் ஏறக்குறைய ஓர் ஐபியு. ஜெர்மன் பில்ஸ்னருக்கு 22 முதல் 40 வரை, அமெரிக்க ஐபிஏவுக்கு 40 முதல் 70 வரை, இம்பீரியல் ஸ்டவுட் என்ற வலுவான கறுத்த பீருக்கு 50 முதல் 90 வரை என்று நெறிமுறை சொல்கிறது. ஆனால் 60 ஐபியு உள்ள இம்பீரியல் ஸ்டவுட்டை விட 35 உள்ள பில்ஸ்னர் கசப்பாகத் தெரியலாம். ஸ்டவுட்டில் நொதிக்காமல் மிஞ்சிய சர்க்கரை கசப்பை மூடிவிடுகிறது. கருவியின் எண் வேறு, வாயின் எண் வேறு. நடுவர் என்று ஒரு மனிதர் தேவைப்படுவதே இதனால்தான்.

குடிக்கும் வெப்பநிலையும் தீர்ப்பை மாற்றும். ஐஸ் போலக் குளிர்ந்த பீரில் ஆவியாகும் பொருள்கள் மேலெழுவதில்லை, நாக்கும் மரத்துப்போகிறது. இம்பீரியல் ஸ்டவுட்டை 10 டிகிரிக்கு மேல் வரும்வரை காத்திருந்து குடித்தால்தான் அதன் சாக்லேட்டும் உலர்திராட்சையும் வெளிப்படும். பீரை உறைநிலைக்குக் குளிரவைத்துக் குடியுங்கள் என்று விளம்பரம் சொன்னால், அந்த பீரில் ருசிக்க அதிகமில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

குறைகளைக் கண்டுபிடிப்பதில் மூக்கின் கூர்மை ஆய்வுக்கூடக் கருவிகளுக்குச் சவால் விடும். வெயில் பட்ட பீரே சிறந்த உதாரணம். பீரில் இயல்பாக இருக்கும் ரைபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2, ஒளியை உறிஞ்சி அந்த ஆற்றலை ஹாப்ஸின் கசப்பு மூலக்கூறுக்குக் கடத்துகிறது. அது உடைந்து கந்தகத்தோடு சேர்ந்து ஒரு தயால் உருவாகிறது. ஸ்கங்க் என்ற அமெரிக்க விலங்கு பீய்ச்சும் திரவத்தில் உள்ள சேர்மங்களின் நெருங்கிய உறவு அது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிய பீரை நண்பகல் வெயிலில் பத்து நிமிடம் வைத்து, நிழலில் வைத்த கோப்பையோடு ஒப்பிட்டு முகர்ந்தால் வித்தியாசம் தெரியும். பழுப்புப் பாட்டில் இந்த ஒளியைப் பெருமளவு தடுக்கிறது. பச்சைப் பாட்டில் அவ்வளவாகத் தடுப்பதில்லை, நிறமற்ற பாட்டில் ஏறக்குறைய தடுப்பதே இல்லை. அப்படியும் பச்சைப் பாட்டில் பீருக்கு விசுவாசிகள் ஏராளம். பழகிப் பழகி அந்த வாடையையே அந்த பீரின் அடையாளமாக எடுத்துக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு. பழைய பீரில் நனைந்த அட்டை வாடை வருவது ஆக்சிஜனால். வேகவைத்த சோள வாடை மால்ட்டிலிருந்து வரும் டைமெத்தில் சல்ஃபைடால், அதைப் போதிய நேரம் கொதிக்கவைத்து விரட்டியிருக்க வேண்டும்.

மூக்கும் நாக்கும் இவ்வளவு நுட்பமானவை என்றால், எல்லோரும் போடும் மதிப்பெண்ணை நம்பிவிடலாமா? முடியாது. நடுவில் மனம் இருக்கிறது. 1964-இல் அலிசன், உல் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 300-க்கும் மேற்பட்ட பீர் குடிப்போர் வீடுகளுக்குப் பெயரொட்டாத பாட்டில்களை அனுப்பி மதிப்பிடச் சொன்னார்கள். பெரும்பாலோருக்குத் தாங்கள் வழக்கமாகக் குடிக்கும் பீரையே அடையாளம் தெரியவில்லை. பெயர் ஒட்டி அனுப்பியபோது மதிப்பெண் உயர்ந்தது, குறிப்பாக அவரவர் பீருக்கு. 2006-இல் லீ, ஃபிரெடெரிக், ஏரியலி மூவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் அழகானது. பீரில் சில துளி பால்சமிக் வினிகர் கலந்து கொடுத்தார்கள். வினிகர் என்று குடிக்கும் முன்பே சொல்லப்பட்டவர்களுக்கு அது பிடிக்கவில்லை. குடித்த பிறகு சொல்லப்பட்டவர்களுக்கு, ஒன்றும் சொல்லப்படாதவர்களைப் போலவே, பிடித்திருந்தது. செய்தி முன்னால் வந்தால் சுவையையே மாற்றுகிறது, பின்னால் வந்தால் மாற்றுவதில்லை. பெயரைப் பார்த்துவிட்டுச் சுவைப்பவர் பெயரையும் சேர்த்தே சுவைக்கிறார்.

இதற்கான மருந்தையும் பீர் ஆலைகளே கண்டுபிடித்தன. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் 1940களில் முக்கோணச் சோதனை உருவானது. மூன்று கோப்பைகள், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. வேறானது எது என்று சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒரு பங்கு சரியாகிவிடும். ஆகவே 12 பேர் சோதித்தால் குறைந்தது 8 பேர் சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் உண்மை என்று ஏற்பார்கள். சிறிய எண்ணிக்கையிலான அளவீடுகளிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்ற கேள்விக்கே பதில் தந்தவர் டப்ளின் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட். 1908-இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பிறந்த டி-சோதனையை இன்று மருந்து ஆராய்ச்சி முதல் வேளாண்மை வரை பயன்படுத்துகிறார்கள்.

இணையத்தில் பல்லாயிரம் பேர் போடும் நட்சத்திரங்களில் இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. பெயர் தெரியும், விலை தெரியும், கிடைப்பது எவ்வளவு அரிது என்பதும் தெரியும். 2025-இல் மூடப்பட்ட ரேட்பீர் போன்ற தளங்களின் உச்சிப் பட்டியலில் இம்பீரியல் ஸ்டவுட்டுகளும் வலிமை மிகுந்த ஏல்களுமே குவிந்து கிடந்தன. 3 சதவீத ஆல்கஹாலில் எலுமிச்சைப் புளிப்போடு பிசிறில்லாமல் தயாரித்த பெர்லினர் வைசே அங்கே முன்வரிசைக்கு வந்தது அபூர்வம். அதைத் தயாரிக்கப் பெரிய திறமை வேண்டும். மறைத்துக்கொள்ள அதில் இனிப்பும் இல்லை, காரமும் இல்லை, சிறு பிழையும் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். எல்லா வகைகளையும் ஒரே தராசில் போட்டால் கனமானதுதான் ஜெயிக்கும்.

அதற்காகக் கூட்டத்தின் தீர்ப்பை முழுவதும் தள்ளிவிடவும் முடியாது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் கெவின் வெர்ஸ்ட்ரெபன் குழுவினர் 2024-இல் வெளியிட்ட ஆய்வில் 250 பெல்ஜிய பீர்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் 200-க்கும் மேற்பட்ட வேதிப் பண்புகளை அளந்து, பயிற்சி பெற்ற 16 பேரைச் சுவைக்கவைத்து, 1,80,000-க்கும் அதிகமான இணைய மதிப்புரைகளோடு சேர்த்துக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வேதிப் பட்டியலைப் பார்த்தே மக்கள் விருப்பத்தை ஓரளவு முன்கூட்டிச் சொல்லக் கணினி கற்றுக்கொண்டது. அதில் முன்வரிசையில் நின்றது ஈத்தைல் அசிட்டேட். அதிகமானால் நகப்பூச்சு நீக்கியைப் போல மணந்து குறையாகக் கருதப்படும் அதே பொருள்! கணினி சொன்ன சேர்மங்களைக் கடையில் விற்கும் பீரில் கலந்து பார்த்தபோது பயிற்சி பெற்ற குழு அதற்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தது.

வகைபிரித்துப் பார்ப்பதால் கிடைக்கும் நியாயத்துக்கு நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இலங்கையின் லயன் ஸ்டவுட். நுவரெலியாவில் பிறந்த ஆலையின் பீர் அது. 8 சதவீதத்தைத் தாண்டும் ஆல்கஹால், வெல்லப்பாகும் உலர்பழமும் மணக்கும் இனிப்பு. ஐரிஷ் ஸ்டவுட்டின் வறண்ட கசப்பை அளவுகோலாக வைத்தால் இது தோற்றுவிடும். மைக்கேல் ஜாக்சன் இதை ஊரறிய மெச்சினார். பிறகு பிஜேசிபி நெறிமுறை ட்ராபிக்கல் ஸ்டவுட் என்று தனி வகை வகுத்தது. ஜமைக்காவின் டிராகன் ஸ்டவுட்டோடு லயனும் அதில் முன்மாதிரிகளில் ஒன்றாகப் பெயர் பெற்றிருக்கிறது. வெப்ப நாடுகளில் இனிப்பாகவும் வலுவாகவும் வளர்ந்த ஒரு மரபு, டப்ளினின் நிழலாக இல்லாமல் தன் பெயரில் மதிப்பிடப்படுகிறது. நியாயம் என்றால் இதுதான்.

பீருக்கு எதிரே நாலரை நட்சத்திரம் போட்டிருப்பதைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வகைக்குள் போட்ட மதிப்பெண் இது? பெயரை மறைத்துச் சுவைத்தார்களா? பாட்டில் வெயில் படாமல் புதிதாக இருந்ததா? மூன்றுக்கும் பதில் இல்லாத நட்சத்திரத்தை நம்பிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.